வீட்டில் ஒருவருக்கு அலர்ஜி, ஆனாலும் நாய் வேண்டும்: எந்த நாயை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பிள்ளைகள் நாய் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்கள், அப்பாவுக்கோ நாய் பக்கத்தில் வந்தாலே தும்மலும் கண் அரிப்பும் தொடங்கிவிடுகிறது. இந்த நிலையில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "ஷிட்சூ வாங்குங்க, அது ஹைப்போஅலர்ஜெனிக், ஒண்ணும் ஆகாது." விற்பவரும் அதையே சொல்வார், அதைச் சொல்லியே விலையையும் கொஞ்சம் ஏற்றுவார். அதை நம்பிக் குட்டியைக் கொண்டுவந்து, எல்லோரும் அதனோடு ஒட்டிக்கொண்ட பிறகு, ஏழெட்டு மாதத்தில் வீசிங் தாங்காமல் யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிடுகிற வீடுகள் நிறைய இருக்கின்றன. அந்த நாய்க்கு அது எவ்வளவு பெரிய கொடுமை என்று யோசித்துப் பாருங்கள். வாங்குவதற்கு முன்பே இரண்டு மூன்று மாதம் பொறுமையாகச் சில வேலைகளைச் செய்தால் இதைப் பெரும்பாலும் தவிர்த்துவிடலாம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஹைப்போஅலர்ஜெனிக் என்றால் அலர்ஜி தரும் வாய்ப்பு குறைவு என்று பொருள், ஆனால் அலர்ஜியே தராத நாய் இனம் என்று உலகத்தில் எதுவும் கிடையாது. முடிதான் அலர்ஜி தருகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், உண்மையில் தொல்லை தருவது நாயின் எச்சில், தோலிலிருந்து உதிரும் பொடுகு, சிறுநீர் ஆகியவற்றில் இருக்கும் சில புரதங்கள். கேன் எஃப் 1 என்பது அவற்றில் முக்கியமானது. நாய் தன்னை நக்கிக்கொள்ளும்போது எச்சில் முடியில் காய்ந்து, நுண்ணிய துகளாகிக் காற்றில் மிதக்கிறது, சோபாவில் படிகிறது, நம் சட்டையில் ஒட்டிக்கொண்டு ஆபீஸ் வரை வருகிறது. முடி வெறும் வாகனம். பூடில், மால்டீஸ் போன்ற நாய்களுக்கு முடி கொட்டுவது குறைவு என்பது உண்மைதான், ஆனால் அவற்றுக்கும் எச்சில் ஊறுகிறது, தோல் உதிர்கிறது.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 173 வீடுகளின் தூசியை எடுத்துச் சோதித்து 2011-ல் ஒரு ஆய்வு வெளியானது. ஹைப்போஅலர்ஜெனிக் என்று பெயர் வாங்கிய இனங்கள் இருந்த வீட்டுக்கும் மற்ற நாய்கள் இருந்த வீட்டுக்கும் கேன் எஃப் 1 அளவில் வித்தியாசமே தெரியவில்லை. அடுத்த வருடம் நெதர்லாந்தில் நாய்களின் முடியையே எடுத்து அளந்தார்கள். அங்கே பூடில், லாப்ரடூடில் (லாப்ரடாரும் பூடிலும் கலந்தது) போன்றவற்றின் முடியில் அந்தப் புரதம் மற்ற நாய்களைவிட அதிகமாகவே இருந்தது, காற்றில் இருந்த அளவில் பெரிய வேறுபாடு இல்லை. அதைவிட முக்கியம், ஒரே இனத்துக்குள்ளேயே நாய்க்கு நாய் அளவு ரொம்பவே மாறியது. ஆக, உங்களுக்கு ஒத்துப்போகும் நாய் நிச்சயம் இருக்கலாம், ஆனால் எது என்பதை இனத்தின் பெயர் சொல்லாது. அந்தக் குறிப்பிட்ட நாயோடு நீங்கள் பழகிப் பார்த்தால்தான் தெரியும்.

லாப்ரடூடில் பிறந்த கதையைப் பார்த்தாலே இது புரியும். 1980-களில் ஹவாயில் பார்வையில்லாத ஒரு பெண்மணிக்கு வழிகாட்டி நாய் தேவைப்பட்டது, ஆனால் அவர் கணவருக்கு நாய் அலர்ஜி. ஆஸ்திரேலியாவின் வழிகாட்டி நாய் அமைப்பில் இருந்த வாலி கான்ரன் முதலில் பூடில்களைப் பழக்கிப் பார்த்தார், அந்த வேலைக்கு அவை சரிப்படவில்லை. கடைசியில் லாப்ரடாரையும் பூடிலையும் இணைத்தார், மூன்று குட்டிகள் பிறந்தன. மூன்றின் முடியையும் எச்சிலையும் ஹவாய்க்கு அனுப்பினார். கணவருக்கு ஒத்துக்கொண்டது ஒரே ஒரு குட்டி. ஒரே தாய், ஒரே தகப்பன், ஒரே ஈற்று, அதிலேயே இப்படி. அந்தக் கலப்பினத்தை உருவாக்கியவர், பிற்காலத்தில் ஆளாளுக்கு அந்தப் பெயரைச் சொல்லி வியாபாரம் செய்ததைப் பார்த்து இதை ஏன் தொடங்கினோம் என்று வருத்தப்பட்டுப் பேசினார். நம் ஊரிலும் இப்போது கலப்பின 'டூடில்' குட்டிகளை விற்கிறார்கள். கலப்பினக் குட்டியின் முடி அம்மா மாதிரி வருமா அப்பா மாதிரி வருமா என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது, சொல்பவரை நம்பாதீர்கள்.

முதல் வேலை: அலர்ஜி நாயால்தானா என்று பாருங்கள்

சென்னை மாதிரி கடலோர ஊரில் வருடம் முழுக்க ஈரப்பதம், மெத்தையிலும் தலையணையிலும் தூசிப் பூச்சிகள் கொழிக்கின்றன. கரப்பான், பூஞ்சை எல்லாம் கூடவே இருக்கின்றன. நாய் வைத்திருக்கும் நண்பர் வீட்டுக்குப் போனால் தும்முகிறேன் என்பவருக்கு அந்த வீட்டு பழைய சோபாவின் தூசியே காரணமாக இருக்கலாம். அதனால் அலர்ஜி மருத்துவரிடம் போய்த் தோல் குத்துச் சோதனை செய்துகொள்ளுங்கள், கையில் சின்னச் சின்னச் சொட்டுகளாக வைத்து லேசாகக் குத்துவார்கள், கால் மணி நேரத்தில் எது தடிக்கிறது என்று தெரிந்துவிடும். இதற்குச் சில நாட்கள் முன்பே, பொதுவாக ஒரு வாரம் வரை, அலர்ஜி மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள்; நீங்களாக நிறுத்தாமல் அவரைக் கேட்டே நிறுத்துங்கள். மாத்திரையை நிறுத்த முடியாதவர்களுக்கு ரத்தத்தில் ஐஜிஇ என்ற அலர்ஜி எதிர்ப்புப் புரதத்தைப் பார்க்கும் சோதனை உண்டு.

நாய் அலர்ஜி என்று வந்துவிட்டால் அத்தோடு எழுந்து வராதீர்கள். நாயின் எந்தப் புரதம் என்று பிரித்துப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். காரணம் இதுதான்: கேன் எஃப் 5 என்று ஒரு புரதம் இருக்கிறது, அது ஆண் நாயின் புராஸ்டேட் சுரப்பியில் உருவாகிறது, பெண் நாயிடம் கிடையாது. நாய் அலர்ஜி உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு இந்த ஒன்று மட்டும்தான் பிரச்சினை. நீங்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தால் தேடவேண்டியது பெண் நாயை, இனம் எதுவாக இருந்தாலும் சரி. ஆண் நாய்க்குச் சின்ன வயதிலேயே கருத்தடை செய்தாலும் அந்தப் புரதம் வெகுவாகக் குறையும். எத்தனையோ பேர் பத்து இனங்களை அலசிவிட்டு ஆணா பெண்ணா என்ற கேள்வியைக் கேட்பதே இல்லை, எனக்கு அது ஆச்சரியமாக இருக்கிறது.

வீட்டில் யாருக்காவது கடுமையான ஆஸ்துமா இருந்தால், அதாவது நெபுலைசர், ஆஸ்பத்திரி என்று அடிக்கடி ஓடுகிற நிலை இருந்தால், நாய் வேண்டாம். இதை எழுத எனக்கே கஷ்டமாக இருக்கிறது, ஆனால் மூச்சு விஷயத்தில் விளையாடக் கூடாது.

எந்த இனங்களைப் பார்க்கலாம்

இனத்தால் ஒரு உறுதியும் இல்லை என்றேனே, பிறகு ஏன் இனத்தைப் பார்க்கவேண்டும்? முடி கொட்டுவது குறைந்தால் வீடு கூட்டுவதும் துடைப்பதும் சுலபம். உருவம் சிறியதாக இருந்தால் உதிரும் தோலும் எச்சிலும் மொத்தத்தில் குறைவு. எச்சில் ஒழுகாத வாய் என்றால் இன்னும் நல்லது. இந்த மூன்றையும் வைத்துத்தான் பட்டியலைச் சுருக்க வேண்டும், கூடவே நம் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். வெளிநாட்டுப் பட்டியல்களில் வெயில் என்ற பேச்சே இருக்காது.

ஷிட்சூவிலிருந்தே தொடங்குவோம், ஏனென்றால் எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். முடி அதிகம் கொட்டாது, சாதுவானது, பிளாட்டுக்கு ஏற்றது, எல்லாம் சரி. ஆனால் முகம் தட்டையானது, மூச்சை விட்டு உடலைக் குளிர்விக்கும் திறன் குறைவு, மே மாத மதியத்தில் ஏசி இல்லாத வீட்டில் அது திணறும். அப்புறம் அந்த முடி. கொட்டாத முடி எங்கேயும் போய்விடுவதில்லை, இறந்த முடி உள்ளேயே மாட்டிக்கொண்டு சிக்காகிறது. ஒரு வாரம் பிரஷ் போடாத ஷிட்சூவின் காதுக்குப் பின்னால் விரலை விட்டுப் பாருங்கள், மேலே பட்டு மாதிரி இருக்கும், அடியில் தோலை ஒட்டிக் கெட்டியான கம்பளித் துண்டு மாதிரி ஒரு முடிச்சு கையில் தட்டுப்படும். அக்குளிலும் தொடை இடுக்கிலும் அதேபோல. மழைக்காலத்தில் அந்த முடிச்சுக்கு அடியில் ஈரம் தங்கும், பூஞ்சை வரும், நாய் நக்கிக்கொண்டே இருக்கும், தோல் உதிரும். எச்சிலும் பொடுகும் குறைவு என்று வாங்கிய நாய் இரண்டையும் கூடுதலாகத் தர ஆரம்பிக்கும். பராமரிக்க ஆள் இல்லாத வீட்டில் ஷிட்சூ அலர்ஜிக்காரருக்கு நல்ல நாயே அல்ல. லாசா ஆப்சோவுக்கும் பெரும்பாலும் இதே கதைதான், கூடுதலாக அது அந்நியர்களைப் பார்த்தால் சீறும் குணமுடையது.

என்னைக் கேட்டால் முதலில் பூடிலைப் பார்க்கச் சொல்வேன், டாய் அல்லது மினியேச்சர். மூக்கு நீளமானது, அதனால் வெயிலை ஷிட்சூவைவிட நன்றாகத் தாங்கும். சுருட்டை முடியைக் குட்டையாக வெட்டிவிட்டால் கையாள எளிது. புத்திசாலி, 'படுக்கையறைக்கு வராதே' என்பதை வேகமாகக் கற்றுக்கொள்ளும், அலர்ஜி வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பது போகப்போகத் தெரியும். ஆனால் தனியாக விட்டுவிட்டு நாள் முழுக்க வேலைக்குப் போகிற வீட்டில் அது ஏங்கிப்போகும். மினியேச்சர் ஷ்னாசரும் நல்ல தேர்வு, கம்பி மாதிரி முரட்டு முடி, திடமான நாய். குரைப்பு கொஞ்சம் ஜாஸ்தி, பொரித்தது கொழுப்பு எதுவும் கொடுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், கணைய அழற்சி வரும் இனம் அது. மால்டீஸ், யார்க்‌ஷயர் டெரியர் இரண்டும் மிகச் சின்னவை, ஓடியாடும் சிறு குழந்தை இருக்கும் வீட்டில் மிதிபடும் அபாயம் உண்டு. அமெரிக்க அதிபராக இருந்த ஒபாமா தன் மகளின் அலர்ஜியை மனதில் வைத்து 2009-ல் போர்த்துகீசிய வாட்டர் டாக் ஒன்றை வளர்த்தார் என்று சொல்லி அதைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது நன்றாக ஓட்டமும் நீச்சலும் கேட்கிற நாய், நம் ஊரில் கிடைப்பதும் அபூர்வம், விட்டுவிடுங்கள்.

எவை வேண்டாம் என்பதையும் சொல்லவேண்டும். லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்டு, பொமரேனியன் என்று விற்கப்படும் ஸ்பிட்ஸ், ஹஸ்கி: இவை எல்லாம் கொட்டித் தீர்க்கும். பக், பீகிள் இரண்டுக்கும் முடி குட்டைதானே என்று ஏமாந்துவிடாதீர்கள், அந்தக் குட்டை முடி சோபாத் துணியில் ஊசி மாதிரி குத்திக்கொண்டு நிற்கும்.

நம்முடைய நாய்களைப் பற்றி யாரும் இந்தப் பேச்சில் எடுப்பதில்லை. சிப்பிப்பாறை, கன்னி, நம் தெருக்களில் வளரும் நாட்டு நாய் ஆகியவை எந்த ஹைப்போஅலர்ஜெனிக் பட்டியலிலும் இல்லை, முடியும் கொஞ்சம் கொட்டத்தான் செய்யும். ஆனால் மெல்லிய, உடலோடு ஒட்டிய முடி என்பதால் குளிப்பாட்டித் துவட்டப் பத்து நிமிடம் போதும், சிக்கு என்ற பேச்சே இல்லை, வாய் ஒழுகாது, வெயில் அவற்றுக்குப் பழக்கம். சிப்பிப்பாறையும் கன்னியும் வேட்டைக்கு ஓடிய இனங்கள், பிளாட்டுக்குள் பூட்டி வைப்பது பாவம். இடம் இருப்பவர்கள் மட்டும் யோசியுங்கள். நாட்டு நாய்க்கு அவ்வளவு இடம் தேவையில்லை, காலையும் மாலையும் நடக்கக் கூட்டிப்போனால் போதும். வளர்ந்த ஒரு நாட்டு நாயைத் தத்தெடுப்பதில் அலர்ஜிக்காரர்களுக்கு இன்னொரு பெரிய லாபம் இருக்கிறது, அதைத்தான் அடுத்துச் சொல்லப்போகிறேன்.

அந்த ஒரு நாயோடு பழகிப் பாருங்கள்

குட்டியைத் தூக்கிப் பத்து நிமிடம் கொஞ்சிவிட்டு "எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்று முடிவெடுப்பதுதான் பெரும்பாலும் காலை வாருகிறது. குட்டியின் உடம்பு சின்னது, அது விடும் புரதமும் குறைவு. வளர்ந்து, குட்டி முடி போய்ப் பெரிய முடி வந்த பிறகுதான் நாயின் உண்மையான நிலை தெரியும். வளர்ந்த நாயைத் தத்தெடுத்தால் இந்தச் சந்தேகமே இல்லை, நாளைக்கு வீட்டில் இருக்கப்போகிற அதே நாயைத்தான் இன்றைக்குச் சோதிக்கிறீர்கள். சென்னையில் ப்ளூ கிராஸ் போன்ற காப்பகங்களில் கேளுங்கள். தற்காலிகமாக வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு இருந்தால் அதைவிட நல்ல சோதனை கிடையாது. குட்டிதான் வேண்டும் என்றால் அதன் தாய், தகப்பன் இரண்டோடும் உட்கார்ந்து பாருங்கள். உறுதி இல்லை, ஓரளவு கோடிகாட்டும்.

சோதிக்கும் முறை இதுதான். அலர்ஜி உள்ளவரே போகவேண்டும், மருத்துவர் சம்மதித்தால் மாத்திரை போடாமல். தோட்டத்திலோ மொட்டைமாடியிலோ பார்த்துப் பிரயோஜனம் இல்லை, காற்றில் எல்லாம் கலைந்துவிடும். கதவு சாத்திய அறையில் ஒரு மணி நேரமாவது உட்காருங்கள், நாயை மடியில் விடுங்கள், கழுத்தைத் தடவிக்கொடுங்கள், அந்தக் கையால் கண்ணைக் கசக்காதீர்கள், முழங்கையின் உட்புறத்தை அது நக்கட்டும். நக்கின இடம் சிவந்து தடித்தால் எச்சில் உங்களுக்கு ஆகவில்லை என்று அங்கேயே தெரிந்துவிடும். தெரியாவிட்டாலும் அத்தோடு முடிந்துவிடாது: மூக்கடைப்பும் இருமலும் பல மணி நேரம் கழித்தும் வரலாம், அன்றைய இரவுத் தூக்கத்தையும் மறுநாள் காலையையும் கவனியுங்கள். வேறு வேறு நாட்களில் மறுபடியும் போங்கள், நாய் குளித்த மறுநாள் ஒருமுறை, குளித்து ஒரு வாரமான பிறகு ஒருமுறை. இரண்டாவதுதான் முக்கியம். ஒரே இடத்தில் பத்து நாய் இருந்தால் எது தும்ம வைத்தது என்று சொல்ல முடியாது, முடிந்தால் அந்த நாயை மட்டும் வேறு அறையில் பார்க்கக் கேளுங்கள். ஆஸ்துமா இருப்பவர்கள் இன்ஹேலர் கையில் இல்லாமல் இந்தச் சோதனைக்குப் போகவே கூடாது.

வாங்கும் இடத்தில்

கேசிஐ (கென்னல் கிளப் ஆஃப் இந்தியா) சான்றிதழ் இருக்கிறது என்பார்கள். அது நாயின் பரம்பரையைச் சொல்லும், அலர்ஜியைப் பற்றி ஒன்றும் சொல்லாது. 2017-ல் வந்த மத்திய அரசு விதிகளின்படி நாய் வளர்த்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது. பதிவு எண்ணைக் கேளுங்கள், கேட்டதும் முகம் மாறினால் கிளம்பிவிடுங்கள். அலர்ஜி வந்தால் நாயைத் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பொறுப்பான பிரீடர் தயங்க மாட்டார், தன் நாய் தெருவுக்கு வருவதை அவர் விரும்ப மாட்டார்.

வந்த பிறகு வீட்டை எப்படி வைத்துக்கொள்வது

முதல் நாளே படுக்கையறைக் கதவைச் சாத்திவிடுங்கள். "பாவம், முதல் ராத்திரி மட்டும்" என்று ஆரம்பித்தால் பிறகு மாற்ற முடியாது. நாளில் மூன்றில் ஒரு பங்கை நாம் மூச்சுவிட்டுக்கொண்டு கிடப்பது அந்த அறையில்தான், அது ஒன்று சுத்தமாக இருந்தாலே பாதித் தொல்லை போய்விடும். நம் வீடுகளின் மொசைக், டைல்ஸ் தரை பெரிய வரம், கார்ப்பெட் போட்டு அதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். விளக்குமாறால் கூட்டினால் துகள் எழும்பும், ஈரத்துணியால் துடைப்பது நல்லது. ஏசியை ஓட்டிக் கதவைச் சாத்தி வைத்தால் அதே காற்றுதான் சுற்றும், பில்டரை அடிக்கடி கழுவுங்கள், வசதி இருந்தால் நுண்ணிய துகள்களையும் பிடிக்கும் ஹெப்பா பில்டர் உள்ள ஏர் ப்யூரிபையர் ஒன்றை ஹாலில் வையுங்கள். நாயின் படுக்கை உறையை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவையுங்கள்.

நாயைக் குளிப்பாட்டினால் அலர்ஜி தரும் புரதம் குறைகிறது, ஆனால் சில நாளிலேயே பழைய அளவுக்கு வந்துவிடுகிறது. பலன் தெரிய வாரம் இரண்டு முறையாவது குளிப்பாட்ட வேண்டும் என்பதுதான் ஆய்வில் தெரிந்தது. அத்தனை முறை ஷாம்பு போட்டால் தோல் வறண்டு பொடுகு கூடும், அதனால் எவ்வளவு இடைவெளியில், எந்த ஷாம்பு என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நம் ஷாம்பு, சோப்பு எதுவும் கூடாது. நீள முடி நாய்களுக்கு வேர் வரை டிரையரில் உலர்த்த வேண்டும், மேலே காய்ந்து உள்ளே ஈரமாக விடுவதைவிடக் குளிப்பாட்டாமல் இருக்கலாம். நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை க்ரூமரிடம் குட்டையாக வெட்டிவிடுங்கள், தினமும் மெல்லிய கம்பிப் பற்கள் உள்ள ஸ்லிக்கர் பிரஷ்ஷால் வகிடு பிரித்து அடித்தோல் வரை சீவுங்கள். அந்தச் சீவுதலையும் குளியலையும் அலர்ஜி இல்லாத ஒருவர், பால்கனியிலோ மாடியிலோ வைத்துச் செய்யவேண்டும். யார் அந்த ஆள் என்று நாய் வருவதற்கு முன்பே பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். பிள்ளைகள் செய்வார்கள் என்று எழுதி வைத்தால் கடைசியில் அம்மா தலையில்தான் விழும், அந்த அம்மாவுக்குத்தான் அலர்ஜி என்றால் எல்லாம் வீண்.

நாயைத் தொட்ட கையால் கண்ணைத் தொடாதீர்கள், சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஆண் நாய் என்றால் சிறுநீர் வீட்டுக்குள் வேண்டாம், வெளியே பழக்குங்கள்.

முதல் மூன்று மாதம் ஒரு சின்ன நோட்டில் தும்மல், இருமல், மாத்திரை போட்ட நாள், இன்ஹேலர் எடுத்த நாள் எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். "பழகிடும்" என்பார்கள். சிலருக்குப் பழகும், சிலருக்கு நாளாக நாளாக மோசமாகும், நோட்டைப் பார்த்தால் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும். மூக்கோடு நின்றால் மருத்துவர் மூக்கு ஸ்ப்ரே, மாத்திரை தருவார். ஊசி மூலம் கொஞ்சம் கொஞ்சமாக உடம்பைப் பழக்கும் இம்யூனோதெரபியும் உண்டு, அது மூன்று முதல் ஐந்து வருடம் வரை ஓடும் சிகிச்சை. இரவில் இருமி எழுந்தால், மூச்சில் விசில் சத்தம் கேட்டால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். நாயை அனுப்பித்தான் ஆகவேண்டும் என்று அவர் சொல்லிவிட்டால், எழுதி வாங்கிய தாளோடு பிரீடரைக் கூப்பிடுங்கள், அல்லது அலர்ஜி இல்லாத உறவினரோ நண்பரோ எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். நாய் போன பிறகும் சோபாவிலும் திரையிலும் சுவரிலும் அந்தப் புரதம் சில மாதங்கள் தங்கும், அதனால் உடனே சரியாகவில்லையே என்று பயப்படாமல் துணிகளைத் துவைத்து, சுவரை ஈரத்துணியால் துடைத்து, மருந்தைத் தொடர்ந்து எடுத்துக்கொள்ளுங்கள்.